சைக்கிளில் பத்ரிநாத்தும் ஓசித் தூக்கமும்

"ஏம்ப்பா, உனக்கு என்ன குறைச்சல்? ஆபீசர் சம்பளம் வாங்குறே. நல்லதா ஒரு ரூம் போட்டுப் படுக்க வேண்டியதுதானே? எதுக்கு ஏழை எளியதுங்க படுக்கிற இடத்துல போய் ஜமுக்காளம் விரிக்கிறே?"

கேட்டவர் என்னோடு பழைய கிளையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ரூர்க்கியிலிருந்து பத்ரிநாத் வரை சைக்கிளில் போய்வந்த கதையை நான் ஆரம்பித்தாலே, ஏற்றம் எப்படி, சைக்கிள் என்ன விலை, கால் வலிக்கவில்லையா என்று கேட்பவர்கள் ஒரு வகை. இவர் மாதிரி நேராக அடிமடியில் கை வைப்பவர்கள் இன்னொரு வகை. அன்றைக்கு ஏதோ சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. அதற்குப் பதில் எழுதிப் பார்க்கத்தான் இந்தப் பதிவு. பயணக் கட்டுரை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும், இதில் பனிமலை வர்ணனை ரொம்பக் கிடையாது :-)

முதலில் கொஞ்சம் கொசுவத்தி.

பேங்கில் ஒரு வழக்கம் உண்டு. முக்கியமான இருக்கையில் இருக்கும் ஆபீசரை வருஷத்துக்கு ஒருமுறை, முன்கூட்டியே சொல்லாமல், தொடர்ச்சியாகப் பத்து வேலை நாள் லீவில் அனுப்பிவிடுவார்கள். அவர் இல்லாத நேரத்தில் இன்னொருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், ஏதாவது தில்லுமுல்லு இருந்தால் வெளியே வந்துவிடும் என்பது கணக்கு. 2023 செப்டம்பர் கடைசியில் எனக்கு அந்த ஓலை வந்தது. திடீரென்று ஊருக்கு ரயில் டிக்கெட் கிடைக்குமா? தஞ்சாவூர்ப் பக்கம் போக வேண்டும் என்றால் டெல்லி, சென்னை என்று மாறிப் போவதற்கே நாலு நாள் காலி. தங்கமணி பிள்ளையின் காலாண்டுப் பரீட்சையில் இருந்தார் (பரீட்சை எழுதுவது பையன், படிப்பது இவர்). "நீங்க வீட்டுல உக்காந்து எங்க உயிரை எடுக்காம எங்கயாவது போயிட்டு வாங்க" என்று உத்தரவானது. பால்கனியில் சைக்கிள் நின்றது. அப்படித்தான் கிளம்பினேன். பக்தி, சாகசம், நாற்பத்தாறு வயதில் ஞானம், இது எதுவும் காரணம் இல்லை.

ரூர்க்கியிலிருந்து ரிஷிகேஷ் சமதளம், ஒரு நாள். அங்கிருந்து பத்ரிநாத் சுமார் 300 கிலோமீட்டர். ரிஷிகேஷ் கடல் மட்டத்துக்கு மேலே 350 மீட்டர் சொச்சம், பத்ரி 3,100 மீட்டர். நடுவில் தேவப்பிரயாகை, ருத்ரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை, நந்தப்பிரயாகை, விஷ்ணுப்பிரயாகை என்று ஐந்து ஆறுகூடல்கள். நம்மவர்களுக்கு இந்த வழி புதிதும் இல்லை. 108 திவ்ய தேசங்களில் மூன்று இந்த ஒரே ரோட்டில் இருக்கின்றன. தேவப்பிரயாகைதான் கண்டமென்னும் கடிநகர், ஜோஷிமட் திருப்பிரிதி, பத்ரி வதரியாச்சிராமம். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய ஊர்கள்.

காரில் போனால் விடியற்காலை ரிஷிகேஷில் கிளம்பி அன்றைக்கு இருட்டுவதற்குள் பத்ரி போய்விடலாம். எனக்கு ரிஷிகேஷிலிருந்து ஏழு நாள் ஆனது. ரூர்க்கியையும் சேர்த்தால் எட்டு நாள் மிதி, எட்டு ராத்திரி தங்கல். இந்த எட்டு ராத்திரிதான் நம் விஷயம்.

*

சைக்கிளில் போகும்போதுதான் ஒன்று புரிந்தது. அந்த வழியில் ஊர்கள் எதற்காக அந்தந்த இடத்தில் இருக்கின்றன என்று காரில் போகிறவனுக்குத் தெரியாது. காலால் போகிறவனுக்குத் தெரியும். "இனிமேல் முடியாது" என்று உடம்பு சொல்லும் இடத்தில் ஒரு பழைய கட்டடம், ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு அரசமரம் இருக்கும்.

முன்பு இந்த வழியில் 'சட்டி' என்று ஓர் ஏற்பாடு இருந்தது. நாம் சமைக்கிற சட்டி இல்லை, நம்மூர்ச் சத்திரத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோடு வருவதற்கு முன்னால், ஜனங்கள் நடந்தே போன காலத்தில், சில மைலுக்கு ஒன்றாக இந்தச் சட்டிகள். கூரை போட்ட நீளமான கொட்டகை, பக்கத்தில் ஒரு கடை. தங்குவதற்குக் காசு கிடையாது. பாத்திரம் பண்டமும் கடைக்காரரே கொடுப்பார். ஆனால் மாவு, அரிசி, பருப்பு, நெய்யை அவர் கடையில்தான் வாங்க வேண்டும். பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அருமையான வியாபாரம். இடம் இலவசம், லாபம் பருப்பில். யாரும் யாருக்கும் தருமம் செய்யவில்லை, யாரும் யாரையும் ஏமாற்றவும் இல்லை. பத்ரிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் அனுமான் சட்டி, ரிஷிகேஷ் பக்கத்துப் பூல் சட்டி என்று ஊர்ப் பெயர்களில் மட்டும் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கடையில் வாங்கக் காசில்லாதவர்கள்? அவர்களுக்காக 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒருவர் கிளம்பினார். சுவாமி விசுத்தானந்தர். எப்போதும் கறுப்புக் கம்பளி போர்த்தியிருந்ததால் 'காலி கம்லி வாலே பாபா' என்றே ஊரெல்லாம் பெயர். பணக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி இந்த யாத்திரை வழியில் தர்மசாலைகளும் சாப்பாட்டுக்கு ஏற்பாடும் செய்ய வைத்தவர். ரிஷிகேஷில் லட்சுமண் ஜூலா இருந்த இடத்தில் முதலில் கயிற்றுப் பாலம்தான். கல்கத்தா வியாபாரி ஒருவரிடம் இவர் எடுத்துச் சொல்லித்தான் 1889-ல் அங்கே இரும்புக் கயிற்றுப் பாலம் வந்தது. 1924 வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது, அது வேறு கதை. காலி கம்லி வாலே தர்மசாலைகள் இன்றும் இருக்கின்றன.

அப்புறம் மோட்டார் ரோடு வந்தது. 1962 சீனப் போருக்குப் பிறகு ராணுவத் தேவைக்காக ரோடு இன்னும் மேலே மேலே ஏறியது. நடந்தவர்கள் பஸ் ஏறினார்கள், சட்டிகள் செத்துப்போயின. 2016 டிசம்பரில் சார்தாம் நெடுஞ்சாலைத் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டி, மலையைக் குடைந்து அகலமாக்க ஆரம்பித்தார்கள். 2023-ல் பத்ரிக்கு வந்தவர்கள் 18 லட்சத்துக்கு மேல். வழியெல்லாம் ஓட்டல்கள். அதே வருஷம் ஜனவரியில் ஜோஷிமட் ஊரே பூமிக்குள் இறங்கி வீட்டுச் சுவரெல்லாம் வெடித்த செய்தியை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். நான் போனபோதும் சுவர்களில் அந்த விரிசல்கள் இருந்தன. மலை தாங்குகிற கட்டடம் எவ்வளவு என்பது இன்ஜினியர்கள் பேச வேண்டிய விஷயம். எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான். இருபது பேர் படுக்கும் ஹாலை இடித்து அதே இடத்தில் பாத்ரூம் வைத்த அறைகள் கட்டினால் ஏழெட்டுப் பேர்தான் படுக்க முடியும். மிச்சப் பேருக்கு இன்னொரு கட்டடம், இன்னொரு செப்டிக் டேங்க்.

*

சரி, எங்கே தங்கினேன்?

இந்த வழியில் ஹேமகுண்ட் சாஹிபுக்குப் போகும் சீக்கியர்களுக்காகக் குருத்வாராக்கள் இருக்கின்றன. ரிஷிகேஷ், ஸ்ரீநகர் (காஷ்மீர் இல்லை, கட்வால் ஸ்ரீநகர்), நக்ராசு, ஜோஷிமட், கோவிந்த்காட். மதம் கேட்க மாட்டார்கள். தலையில் ஒரு துணி கட்டிக்கொள்ள வேண்டும், பீடி சிகரெட் சாராயம் கூடாது. லங்கரில் ரொட்டி, பருப்பு, டீ. பெரிய ஹாலில் ஜமுக்காளம், கம்பளி. இது தவிரத் தர்மசாலைகள், ஆசிரமங்கள். இவற்றில் சிலவற்றில் ஏழு ராத்திரி தங்கினேன். ஒரு ராத்திரி ஓட்டல். எந்த ராத்திரி எந்த ஊர் என்று பிரித்துச் சொல்லப்போவதில்லை. காரணம் படிக்கப் படிக்கத் தெரியும்.

ஓட்டலுக்கு ஏன் போனேன் என்றால், ஒரு தர்மசாலையில் இடம் கொடுக்கவில்லை. இத்தனைக்கும் பாதி ஹால் காலி.

"அகேலே ஹோ?" தனியாகவா வந்திருக்கிறாய் என்றார் மேனேஜர்.

"ஆமாம் ஜி."

"தனி ஆளுக்கு இடம் கிடையாது."

பேங்க் அடையாள அட்டை, ஆதார், யாத்திரைப் பதிவுச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்து நீட்டினேன். அவர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "தனியாக வருகிறவன் ராத்திரி ஏதாவது பண்ணிக்கொண்டால் போலீஸுக்கு யார் பதில் சொல்வது பாயி சாப்? குடும்பத்தோடு வாருங்கள்" என்றார். அவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அவர் பயம் அவருக்கு. வட இந்தியாவில் பல தர்மசாலைகளில் இது எழுதாத சட்டம், சில இடங்களில் பெயிண்டில் எழுதியே வைத்திருப்பார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். யாத்திரை வழியில் தனியாக வருகிற ஆளுக்குத்தானே சத்திரம் முதலில் வேண்டும்? நாலு பேர் குடும்பம் வந்தால் அறை எடுத்துச் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளும். தனி ஆள்தான் முழு வாடகையும் கொடுக்க வேண்டும். அன்றைக்கு ஓட்டலில் 1,400 ரூபாய் கொடுத்தேன். என்னால் கொடுக்க முடிந்தது. கொடுக்க முடியாதவர் அந்த வாசலிலிருந்து எங்கே போயிருப்பார் என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை.

இரண்டு ராத்திரி கழித்து யோசிக்க வேண்டி வந்தது.

*

இனி சொல்லப்போவது எனக்குப் பெருமை தரும் விஷயம் இல்லை. தங்கமணியிடமே ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னேன்.

அன்றைக்கு நான் சாயங்காலம் நாலு மணிக்கே அந்த ஊருக்குப் போய்விட்டேன். ஹாலில் அப்போது ஐந்தாறு பேர்தான். சுவர் ஓரமாக, செல்போன் சார்ஜ் போட பிளக் இருக்கிற மூலையாகப் பார்த்துப் பிடித்தேன். இரண்டு ஜமுக்காளம் எடுத்தேன். ஒன்று எனக்கு, இன்னொன்று கேரியரில் மாட்டும் இரண்டு பைகளுக்கும் ஈரத் துணிகளுக்கும். காலி ஹால்தானே, யார் கேட்கப்போகிறார்கள்? சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்குப் படுத்தேன். அதற்குள் இரண்டு பஸ் வந்து ஹால் நிரம்பிவிட்டது.

ஒன்பது, ஒன்பதரை இருக்கும். ஒரு பெரியவர் வந்தார். எழுபது வயதுக்குக் குறையாது. தோளில் ஒரு மூட்டை, கையில் தடி, காலில் ரப்பர் செருப்பு. ஹரித்வாரிலிருந்து நடந்து வருகிறார் என்று அவர் சேவாதார் பையனிடம் சொன்னது காதில் விழுந்தது. பையன் டார்ச் அடித்துக்கொண்டே வரிசையாக இடம் தேடினான். வெளிச்சம் என் பக்கம் வந்தது. என் பைகள் படுத்திருந்த ஜமுக்காளத்தின் மேல் நின்றது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

தூங்கவில்லை. தூங்குவது போலக் கிடந்தேன். எழுந்து பைகளை நகர்த்த ஒரு நிமிஷம் போதும். உடம்பெல்லாம் வலி, பைகளை எடுத்தால் காலை நீட்ட முடியாது, ஈரத் துணியை எங்கே போடுவது என்று மனசு காரணம் அடுக்கியது. அதோடு, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, "நான் சைக்கிளில் இவ்வளவு தூரம் வந்தவனாயிற்றே" என்ற நினைப்பும் இருந்தது. அந்தப் பையனுக்குத் தூங்குகிறவரை எழுப்ப மனசு வரவில்லை. டார்ச் நகர்ந்துவிட்டது. பெரியவர் வராந்தாவில், கதவுக்கு வெளியே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பையன் இரண்டு கம்பளி கொண்டுபோய்க் கொடுத்தான்.

காலையில் நான் எழுந்தபோது அவர் போய்விட்டிருந்தார். ஒரு மணி நேரம் கழித்து ரோட்டில் பிடித்துவிட்டேன். பிடிக்காமல் என்ன, எனக்கு இரண்டு சக்கரமும் கியரும் இருக்கின்றனவே. மணி அடித்ததும் ஓரமாக ஒதுங்கி, தடியைத் தூக்கி "ஜெய் பத்ரி விஷால்!" என்றார். நானும் "ஜெய் பத்ரி விஷால்" என்று சொல்லிவிட்டு மிதித்தேன். நிற்கவில்லை. நின்று என்ன சொல்வது?

*

சைக்கிளில் யாத்திரை போகிறவன் ஒரு விநோதப் பிறவி. பாராட்டு வாங்கும்போது நடைப்பயணி, இரக்கம் வாங்கும்போது நடைப்பயணி, முந்திப் போகும்போது மட்டும் வண்டிக்காரன். மதியம் மூன்று, நாலு மணிக்கே தங்குமிடம் போய் நல்ல மூலையைப் பிடித்துவிடுவான். நடப்பவர் வரும்போது இருட்டிவிடும்.

இதை ஸ்பெயின்காரர்கள் சரியாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். அங்கே சந்தியாகோ தே கொம்போஸ்தேலா என்ற ஊரில் புனித யாகோபுவின் கல்லறை இருப்பதாக நம்பிக்கை. ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக ஜனங்கள் நடந்து போகும் வழி. வழி நெடுகப் பொது விடுதிகள், ஒரே ஹாலில் மாடிக் கட்டில்கள். யாத்திரைச் சான்றிதழ் வாங்க, நடப்பவர் 100 கிலோமீட்டர் நடந்திருந்தால் போதும். சைக்கிள்காரர் 200 கிலோமீட்டர் மிதித்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், அங்கே பல பொது விடுதிகளில் படுக்கை முதலில் நடந்து வருகிறவர்களுக்கு. சைக்கிளில் வந்தவர் சாயங்காலம் வரை காத்திருந்து, மிச்சம் இருந்தால்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். இதைப் பிறகு படித்தபோது, அந்த விதி எனக்காகவே எழுதியது போல இருந்தது.

ஏன் விதி என்கிறேன்? நான் கெட்டவன் இல்லை (என்று நினைக்கிறேன்). பேங்கில் பெட்டக அறைக்கு இரண்டு சாவி, இரண்டு ஆபீசர். இரண்டு பேரும் திருடர்கள் என்பதால் அல்ல. நல்லவனுக்கும் களைப்பான ராத்திரி ஒன்று வரும் என்பதால். மனசாட்சியை மட்டும் நம்பிக் கடன் கொடுக்கிற பேங்க் கிடையாது. ஆனால் ஹாலில் இடம் என்று வரும்போது மட்டும் எல்லாவற்றையும் மனசாட்சிக்கு விட்டுவிடுகிறோம். "நடந்து வருகிறவர்களுக்கு ஒன்பதரை மணி வரை இந்த வரிசை காலியாக இருக்கும். பைகளுக்கு ஜமுக்காளம் கிடையாது" என்று சுவரில் எழுதியிருந்தால் அந்தப் பையன் என்னைத் தயங்காமல் எழுப்பியிருப்பான். நானும் முணுமுணுத்துக்கொண்டே எழுந்திருப்பேன். பெரியவர் உள்ளே படுத்திருப்பார்.

அப்படியானால் நண்பர் சொன்னது சரிதானே, நீ ரூமுக்கே போயிருக்கலாமே என்கிறீர்களா?

அங்கேதான் எனக்கு மாற்றுக் கருத்து.

இன்னொரு ராத்திரி, வேறு ஒரு ஊர். பொதுக் கழிப்பறையில் ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, லைட்டும் இல்லை. பெண்கள் ஒருத்தருக்கு ஒருத்தர் வெளியே காவல் நின்றுகொண்டிருந்தார்கள். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு கூட்டம், இரண்டு நாளாக அங்கே இருக்கிறார்கள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஓசியில் தங்கிக்கொண்டு குறை சொல்வதா பாபு?" என்றார் ஓர் அம்மா. நான் ஆபீஸ் அறைக்குப் போய், பேங்கில் வேலை என்று சொல்லி, வந்தவர் புத்தகத்தில் எழுதவா என்று கேட்டேன். ஒரு மணி நேரத்தில் தாழ்ப்பாளும் வந்தது, பல்பும் வந்தது.

இதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. என் சட்டைக்கும் வேலைக்கும் கிடைத்த மரியாதை அது. அப்படிக் கிடைப்பது தப்புதான். ஆனால் உலகம் அப்படித்தான் நடக்கிறது. அரசுப் பள்ளிக்கூடத்தை, அரசு ஆஸ்பத்திரியை, டவுன் பஸ்ஸை விட்டு, குரல் எடுபடுகிறவர்கள் எல்லாரும் வெளியேறியபோது என்ன ஆனது என்று நமக்குத் தெரியும். "அதெல்லாம் ஏழைகளுக்கு" என்று நாம் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்த எதுவும் ஏழைகளுக்கு உருப்படியாகப் போய்ச் சேரவில்லை. யாத்திரை வழி ஹாலும் அப்படித்தான். நாமெல்லாம் ரூமுக்குப் போய்விட்டால் ஹால் அவர்களுக்கு மிச்சமாகாது. முதலில் தாழ்ப்பாள் போகும், பிறகு பல்பு போகும், கடைசியில் ஹாலே போய் அங்கே டீலக்ஸ் ரூம் வரும்.

அதனால் என் கட்சி இது. சம்பளக்காரனும் ஹாலில் தங்க வேண்டும். ஆனால் கடைசி ஆளாக, ஒரே ஜமுக்காளத்தோடு, முழுக் காசையும் உண்டியலில் போட்டுவிட்டு.

காசு விஷயம். முதல் சில ராத்திரிகள் நான் உண்டியலில் போட்டது நூறு ரூபாய். பெரிய மனசு என்று எனக்கே நினைப்பு. ரொட்டி, பருப்பு, டீ, கம்பளி துவைக்கும் செலவு, வெந்நீர், அந்தப் பையனின் உழைப்பு எல்லாம் சேர்த்து மலையில் நூறு ரூபாய்க்குள் முடியுமா? கடன் மனு வந்தால் ஒவ்வொரு வரியாகக் கேள்வி கேட்கிறவன், என் கணக்கை மட்டும் பார்க்கவில்லை. பத்ரியில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். ஓட்டலில் ஒரு ராத்திரிக்கு 1,400 கொடுத்தவன் ஏழு ராத்திரிக்கும் சேர்த்துக் கொடுத்தது 900. பாக்கியைத் திரும்பும் வழியில் இரண்டு இடங்களில் இறங்கிக் கட்டினேன். இதில் புண்ணியம் ஒன்றும் இல்லை, பற்று எழுதினால் வரவு எழுத வேண்டும், அவ்வளவுதான்.

*

தங்கமணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "என்னங்க, இதே மாதிரி நான் தனியா சைக்கிள்ல போயி, அந்த ஹால்ல படுக்க முடியுமா?"

குருத்வாராக்களில் குடும்பங்களும் பெண்களும் தங்குவதற்கு இடம் கொடுத்து நான் பார்த்தேன், ஓரளவு நிம்மதியாகவே இருந்தார்கள் என்றேன். "ஓரளவுன்னா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்த வழியில் தனியாக வந்த ஒரு பெண்ணைக்கூட எந்த ஹாலிலும் நான் பார்க்கவில்லை. தாழ்ப்பாள் இல்லாத கதவு எனக்கு ஒரு அசௌகரியம், அவருக்கு வழியையே அடைக்கிற விஷயம். ஆகவே ஹாலைப் பற்றி நான் பாடுகிற பாட்டில் பாதி, ஆம்பளைப் பாட்டு என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பேங்க்காரன் என்பதால் கோரிக்கையாக எழுதாமல் இருக்க முடியவில்லை. பெரிய செலவு எதுவும் இல்லை.

ஒன்று. தனி ஆளுக்கு இடம் இல்லை என்ற வழக்கத்தை எடுத்துவிட வேண்டும். யாத்திரைக்கு இப்போது பதிவு கட்டாயம். பெயர், போன் நம்பர், எல்லாம் அரசாங்கத்திடம் இருக்கிறது. கணக்குத் தொடங்க நாங்கள் வாங்குகிற அளவுக்கு விவரம் கொடுத்தவனை, கூடப் பெண்டாட்டி இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்புவதில் நியாயம் இல்லை.

இரண்டு. நடந்து வருகிறவருக்கு முதல் இடம், அடுத்து சைக்கிள், அப்புறம்தான் வண்டியில் வந்தவர்கள். சுவரில் பெரிய எழுத்தில்.

மூன்று. பெண்களுக்குத் தனி ஹால், உள்ளே தாழ்ப்பாள், வழியில் வெளிச்சம். மற்ற இரண்டையும்விட இது முந்தி நடக்க வேண்டியது.

நான்கு. ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரி என்ன செலவாகிறது என்று உண்டியலுக்கு மேலே எழுதிவைக்க வேண்டும். கட்டணம் இல்லை, தகவல். காசில்லாதவர் அதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போகட்டும். என் மாதிரி ஆள் நூறு ரூபாயைப் போட்டுவிட்டுக் கர்ணன் நினைப்பில் நடக்காமல் இருப்பான்.

நான் ஒரத்தநாட்டுக்காரன். ராமேஸ்வரம் போகிற யாத்ரீகர்களுக்காக இரண்டாம் சரபோஜி கட்டிய முத்தாம்பாள் சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவன். வடக்கே காசியிலிருந்தெல்லாம் வந்து படுத்துத் தூங்கிவிட்டுப் போன இடம். முன்பின் தெரியாதவர்களுக்கு எங்கள் ஊர் ஒரு காலத்தில் இடம் கொடுத்தது என்று சின்ன வயதில் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். ஹரித்வாரிலிருந்து நடந்து வந்த ஒருவருக்கு இரண்டடி நகர்ந்து இடம் கொடுக்க எனக்கு வரவில்லை. கணக்கில் அது மட்டும் இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. மறுபடி கட்டாய லீவ் ஓலை வந்தால் ராமேஸ்வரம் ரோடா, பத்ரி ரோடா தெரியாது. எங்கே போனாலும் பைகளை வெளியே சைக்கிளோடு பூட்டிவிட்டுத்தான் படுப்பேன்.

பி.கு: சைக்கிளில் போக நினைப்பவர்களுக்கு. ஜோஷிமட்டிலிருந்து விஷ்ணுப்பிரயாகை வரை ஒரே இறக்கம், பிரேக் கட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோவிந்த்காட் தாண்டினால் சுமார் 25 கிலோமீட்டரில் 1,300 மீட்டர் ஏற்றம், பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் போனேன். மழைக்காலத்தில் வேண்டாம், மலை சரியும். தள்ளிக்கொண்டு போவதில் அவமானம் ஒன்றும் இல்லை, அந்த நேரம் மட்டும் நாமும் நடைப்பயணிதான் :-)